குகைத் தறி வீட்டிலிருந்து மூணு பேர் பட்டாளம் போனாங்க, தேடித் தரமுடியுமா?

1. பாவடிக்காரன்

எல்லாருக்கும் வணக்கம். நான் சேலம் குகை. நாலு தலைமுறையா எங்க வீட்ல தறி, என்னோட நின்னுபோச்சு.

போன தை மாசம் எங்க ஆயா தவறிட்டாங்க. அம்மாவைப் பெத்தவங்க, தொண்ணூத்தி மூணு வயசு. கருமாதி முடிஞ்சு அவங்க தகரப் பெட்டியைப் பிரிச்சோம். உள்ளே மூணு மணியார்டர் கூப்பன், மடிப்பு மடிப்பா விட்டுப்போன ஒரு ஆங்கிலக் காகிதம், வேட்டித் துணியில சுத்தின ஒரு தறி அச்சு, இழை கோக்கிற சீப்பு மாதிரி இருக்கும். அச்சுல ஒரு சாண் நீளத்துக்கு நூல் தொங்கிட்டு இருந்தது. எனக்குப் பார்த்ததும் கை நடுங்கிடுச்சு.

தறி தெரியாதவங்களுக்குச் சொல்றேன். ஒரு பாவு, அதாவது தறியில நீளவாக்குல ஏத்தற நூல், நெய்து தீர்ந்ததும் துணியை அறுத்து எடுத்துடுவோம். ஆனா அச்சுலயும், இழையைத் தூக்கி இறக்கற விழுதுலயும் கோத்திருக்கிற நூல் முனையை அப்படியே விட்டு வெப்போம். அடுத்த பாவு வந்ததும் புது இழை ஒண்ணு, பழைய முனை ஒண்ணு, சாம்பலைத் தொட்டு ரெண்டு விரலால முறுக்கி, இப்படி ஆயிரக்கணக்குல பிணைக்கணும். முனை இருந்தா பிணைச்சுட்டு நெய்ய உக்காந்துடலாம். முனையை அறுத்துட்டா எல்லாத்தையும் முதல்ல இருந்து ஒவ்வொண்ணா கோக்கணும்.

அந்த அச்சு ஆயாவோட பெரிய அண்ணனுது. 1940-ல கடைசிப் பாவை அறுத்து வெச்சுட்டுப் பட்டாளத்துல சேர்ந்தவர். அவங்கம்மா அதை விட்டத்துல கட்டித் தொங்கவிட்டாங்க. "அவன் வந்தா உடனே பிணைச்சு உக்காந்துக்குவான்"னு சொல்லுவாங்களாம். நூலுக்குத் தவிச்ச காலத்துலயும் அந்த அச்சை யாருக்கும் இரவல் தரலை. அவங்க போன பிறகு ஆயா வெச்சிருந்தாங்க.

பெரியவர் மலேயா போனார், சப்ளை வண்டிப் பிரிவு. 1942 பொங்கலுக்கு முன்னாடி வந்த கடிதாசிதான் கடைசி. நடுவுலவர் பயோனியர் கம்பெனி, மண்வெட்டிப் பட்டாளம்னு வீட்ல சொல்லுவாங்க. அவர் இறந்ததுக்குத்தான் அந்தக் காகிதம், 1944, மலேரியா. சின்னவர் பதினேழு வயசுல சொல்லாம ஓடிப்போய்ச் சேர்ந்தார். அவரைப் பத்தி ஒரு துண்டுச் சீட்டு கூட இல்லை.

நடுவுலவருக்கு மட்டும் கருமாதி பண்ணினாங்க. மத்த ரெண்டு பேருக்கும் எந்தக் காரியமும் நடக்கலை. விவரம் கேட்டு ஒரு ஆபீசுக்குப் போனேன். அவ்வளவு பழசெல்லாம் இங்க இருக்காதுன்னு நின்ன இடத்துலயே திருப்பி அனுப்பிட்டாங்க. இங்க யாருக்காவது வழி தெரியுமா?

2. ஓய்வுபெற்ற ஹவில்தார்

தம்பி, வழி இருக்கு. காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் பதிவுகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. இரண்டு உலகப் போர்களிலும் இறந்த நம் ஆட்களும் அதில் உண்டு. நான் சொல்கிற முறையில் தேடுங்கள்.

பெயரை முதலில் போடாதீர்கள். நம் பெயரை அன்றைக்கு எழுதிய குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதியிருப்பார். ழ வந்தால் போச்சு, அதற்கு மூன்று நாலு எழுத்துக்கூட்டல் இருக்கும். இரண்டாம் உலகப் போர்ப் பதிவுகளில் பலவற்றில் கூடுதல் தகவல் என்று ஒரு வரி வரும்: இன்னார் மகன், இன்ன ஊர், சேலம், இந்தியா. அந்த வரியில் 'சேலம்' என்று தேடி, படையை இந்திய ராணுவம் என்று குறுக்கினால் பட்டியல் சிறிதாகிவிடும். பிறகு தகப்பனார் பெயரை வைத்து ஒவ்வொன்றாகப் பாருங்கள். குகை என்பதைக் கூகை, குகாய், குஹை என்று எப்படியும் எழுதியிருப்பார்கள்.

மலேயா போனவருக்குப் பெரும்பாலும் சிங்கப்பூர் கிராஞ்சி போர் நினைவிடம். அங்கே உடல் கிடைக்காதவர்கள் பெயர் மட்டும் 24,000-க்கு மேல் சுவரில் வெட்டியிருக்கிறார்கள். பர்மாப் பக்கம் போனவருக்கு ரங்கூனை அடுத்த தவுக்யான் போர்க் கல்லறை, அங்கே கிட்டத்தட்ட 27,000 பெயர். நடுவுலவரின் காகிதத்தில் ஒரு நம்பர் இருக்கும் பாருங்கள், அதுதான் படை எண். பெயர் பிசகினாலும் எண் பிசகாது.

3. கோரிமேடு

வருத்தமான கதைதான், மறுக்கலை. ஆனா ஒண்ணு கேக்கணும். 1942 ஆகஸ்ட்ல ஊரே "வெள்ளையனே வெளியேறு"ன்னு ஜெயிலுக்குப் போச்சு. அதே நேரத்துல அதே வெள்ளைக்காரன் பட்டாளத்துல காசுக்குச் சேர்ந்தவங்களை நாம எதுக்குத் தியாகின்னு தூக்கிப் பிடிக்கணும்? இந்தியாவுல கட்டாய ஆள்சேர்ப்பு கிடையாது. அவங்களா விரும்பிப் போனாங்க.

4. பாவடிக்காரன்

கோரிமேடு அண்ணா, தியாகின்னு நான் சொல்லவே இல்லீங்க. பேரைத்தான் தேடறேன்.

5. நூல்கண்டு

"விரும்பி" என்ற சொல்லை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

என் தாத்தாவும் அம்மாப்பேட்டையில் தறிக்காரர். போர் வந்ததும் வெளிநாட்டு நயம் நூல் நின்றது. உள்ளூர் மில் நூலில் பெரும்பங்கு பட்டாளத் துணிக்குப் போனது. மிச்சம் கைத்தறிக்கு வரும்போது விலை தறிக்காரனுக்கு எட்டாத உயரத்தில் இருந்தது. துணிக்கும் நூலுக்கும் கண்ட்ரோல் உத்தரவு வந்தது 1943-இல்தான். கண்ட்ரோல் விலை காகிதத்தில் இருந்தது, நூல் கறுப்புச் சந்தையில் இருந்தது. இதற்கு நடுவில் 1942-இல் பர்மா ஜப்பான்காரன் கைக்குப் போனதும் ரங்கோன் அரிசி வரத்தும் நின்றுபோனது.

பாவடி என்றால் பாவு நீட்டுகிற வீதி, தெரியுமல்லவா? விடியற்காலையில் தெரு நெடுக நூலை நீட்டிக் கஞ்சி போட்டுக் காயவைப்பார்கள். அந்த வருஷங்களில் பாவடியில் பிள்ளைகள் கோலி விளையாடினார்கள் என்று தாத்தா சொல்லுவார். தறிக்காரனுக்கு அதைவிடப் பயங்கரமான காட்சி கிடையாது. தறிக்குழியில் கோழி அடைத்தார்களாம்.

அந்த நேரத்தில் பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிறவன் வந்து இரண்டு வேளைச் சோறு, உடுப்பு, பூட்ஸ், வீட்டுக்கு மாதம் மணியார்டர் என்கிறான். நெஞ்சளவு பார்க்கிறான், எடை பார்க்கிறான். போர் தொடங்கும்போது இரண்டு லட்சம் பேர் இருந்த இந்திய ராணுவம் 1945-இல் 25 லட்சம் ஆனது. அத்தனை பேருக்கும் இங்கிலாந்து ராஜா மேல் பாசம் வந்துவிட்டதா அண்ணா? அடுப்பு எரியவில்லை. தறியில் நூல் இருந்திருந்தால் இந்த மூன்று பேரில் ஒருவர்கூடப் போயிருக்க மாட்டார் என்று நான் அடித்துச் சொல்வேன். முனையை அறுக்காமல் வைத்துவிட்டுப் போனவன் திரும்பி வரத்தான் போனான்.

இன்னொன்று. 1917-இல் நம் நகராட்சிக்கே தலைவராக இருந்த ராஜாஜி கூட ஆகஸ்ட் போராட்டத்தில் சேரவில்லை. அவருக்கு அதற்குக் காரணம் இருந்தது. குகைப் பையனுக்கு மட்டும் காரணம் இருக்கக் கூடாதா?

6. கோரிமேடு

நூல்கண்டு, பசியை நான் குறை சொல்லலை. எங்க தாத்தா கூடப் பிறந்தவர் மறியல்ல அடி வாங்கி முதுகு வளைஞ்சே செத்தார். அவருக்குக் கல்லும் இல்லை, பென்ஷனும் இல்லை. பட்டாளத்துல செத்தவங்களுக்கு வெள்ளைக்காரன் சலவைக்கல்லு வெச்சிருக்கான். அதான் எனக்கு ஆறலை.

7. கல்லெழுத்து

கோரிமேடு நண்பருக்கு: எல்லோருக்கும் சலவைக்கல் வைக்கவில்லை. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

முதல் உலகப் போருக்கு இந்தியாவிலிருந்து கடல் கடந்தவர்கள் 10 லட்சத்துக்கு மேற்பட்டவர்கள். 74,000-க்கு மேற்பட்டோர் திரும்பவில்லை. போர் முடிந்ததும் ஆள் அனுப்பிய ஊர்களில் ஒரு சின்னப் பலகைக்கல் பதித்தார்கள். தமிழ்நாட்டிலும் பல ஊர்களில் பார்க்கலாம். பழைய பள்ளிக்கூடச் சுவரிலோ சாவடியிலோ சுண்ணாம்பு பூசி மறைந்திருக்கும். அதில் இருப்பது இவ்வளவுதான்: இந்த ஊரிலிருந்து 1914-19 பெரும் போருக்கு இத்தனை பேர் போனார்கள், அவர்களில் இத்தனை பேர் உயிர் விட்டார்கள். பெயர் இருக்காது. எண்ணிக்கைதான்.

ஈராக்கில் பாஸ்ரா நினைவுச்சின்னம் இருக்கிறது. 40,000-க்கு மேற்பட்டவர்களுக்கானது. அதில் பிரிட்டிஷ் சிப்பாய்க்குப் பெயர் வெட்டினார்கள், இந்திய அதிகாரிக்கும் பெயர் வெட்டினார்கள். இந்தியச் சிப்பாய்கள் மட்டும் பட்டாளத்தின் பெயருக்குக் கீழே இத்தனை பேர் என்று தொகையாக ஆனார்கள். 2021 ஏப்ரலில் ஹவில்தார் ஐயா சொன்ன காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையமே ஒரு விசாரணை அறிக்கை வெளியிட்டு மன்னிப்புக் கேட்டது. முதல் உலகப் போரில் இறந்த ஆசிய, ஆப்பிரிக்க ஆட்களில் குறைந்தது 1,16,000 பேருக்குப் பெயர் பொறிக்கப்படவில்லை, அல்லது எந்த நினைவுச்சின்னமுமே இல்லை என்று அவர்களே ஒப்புக்கொண்டார்கள்.

நாம் எந்த மண்ணில் உட்கார்ந்து இதைப் பேசுகிறோம்? சேலம், தர்மபுரி, செங்கம் சுற்றுவட்டாரம் நடுகல் மண். ஆயிரத்து நானூறு வருஷத்துக்கு முன்னால் மாடு மீட்கப் போய் அம்பு பட்டுச் செத்தவனுக்கு, எந்த ராஜாவின் ஆட்சியாண்டு, எந்த ஊர், யாருடைய சேவகன், அவன் பெயர் என்ன என்று வட்டெழுத்தில் வெட்டி வைத்திருக்கிறார்கள். மாடுபிடிச் சண்டையில் செத்தவனுக்குக் கிடைத்த மரியாதை உலகப் போரில் செத்தவனுக்குக் கிடைக்கவில்லை. உங்கள் தாத்தாவின் உடன்பிறந்தவருக்கும் கல் வேண்டும், இந்த மூன்று பேருக்கும் வேண்டும். ஒன்றைக் கொடுத்தால் இன்னொன்று குறையாது.

8. மட்டுறுத்துநர்

நல்ல உரையாடல். குடும்பத்தாரின் பெயர், படை எண், வீட்டு முகவரியைப் பொதுவில் போட வேண்டாம். தனிச்செய்தியில் அனுப்பிக்கொள்ளுங்கள்.

9. காப்பித்தோட்டம்

நான் ஏற்காட்டுக்காரி. நாகலூர் பக்கம். எங்க அம்மா, பாட்டி எல்லாம் எஸ்டேட்ல காப்பிப் பழம் பறிச்சவங்க. இதைப் படிச்சிட்டு ராத்திரி தூங்கலை.

எங்க பாட்டியோட மாமனும் மலேயா போனவர்தான். பட்டாளத்துக்கு இல்லை, ரப்பர் பால் வெட்ட. கங்காணி வந்து இங்க இருந்து அங்க கூட்டிட்டுப் போனான். ஜப்பான்காரன் வந்த பிறகு தோட்டத்து ஆளுங்களை லாரியில ஏத்தி சயாமுக்கு, அதாவது இப்போதைய தாய்லாந்துக்கு, ரயில்பாதை போடக் கொண்டுபோனாங்க. மூணு மாச வேலைன்னு சொன்னாங்களாம். கூடப் போய்ப் பிழைச்சு வந்த ஒருத்தர் சொல்லித்தான் மலையில விவரம் தெரிஞ்சது. காலரா, அவ்வளவுதான் சொன்னாராம், மேல பேசலை. அவருக்கு முழங்காலுக்குக் கீழே சீழ்ப்புண் ஆறின பள்ளம் இருந்ததுன்னு பாட்டி தன் கால்லயே தொட்டுக் காட்டும்.

415 கிலோமீட்டர் பாதை, 1943 அக்டோபர்ல முடிச்சாங்க. செத்த கைதிச் சிப்பாய்ங்க 12,000 பேருக்கு மேல. அவங்களுக்குக் காஞ்சனபுரியில புல்லு வெட்டிப் பூச்செடி வெச்ச கல்லறை இருக்கு. ஆசியக் கூலி ஆளுங்க செத்தது ஏறக்குறைய 90,000 பேர்னு கணக்குச் சொல்றாங்க, அதுல நம்ம தமிழ் ஆளுங்கதான் ஏராளம். அவங்க யாருமே சிப்பாய் இல்லை, அதனால ஹவில்தார் ஐயா சொன்ன பதிவுல தேடினா கிடைக்க மாட்டாங்க. நான் தேடிப் பார்த்துட்டேன்.

கோரிமேடு அண்ணன் காசுக்குப் போனாங்கன்னு சொன்னதும் எனக்கு மாமன் நினைப்புத்தான் வந்தது. அவர் துப்பாக்கியே தொடலை. அவருக்கும் கல்லு இல்லை.

10. கல்லெழுத்து

அம்மா, ஒரு சேதி. காஞ்சனபுரியில் தமிழ்த் தொழிலாளர்களைக் கூட்டமாகப் புதைத்த பௌத்தக் கோயில் வளாகத்தில் 2023-இல் ஒரு நடுகல் வைத்துவிட்டார்கள். தாய்லாந்துத் தமிழர்கள் முன்னின்று செய்தது. நினைவுச்சின்னம், ஸ்தூபி என்றெல்லாம் சொல்லாமல் நடுகல் என்றே பெயர் வைத்தார்கள்.

11. காப்பித்தோட்டம்

இது எனக்குத் தெரியாதுங்க. பாட்டி இருக்கும்போது தெரிஞ்சிருந்தா சொல்லியிருப்பேன்.

12. வடதேசத்து நர்ஸ்

அம்மாப்பேட்டைப் பொண்ணு நான். இப்போ வட இங்கிலாந்துல டர்ஹாம் பக்கம் ஆஸ்பத்திரி வேலை. இங்க இருந்து ஒண்ணு சொல்லணும்.

பக்கத்துல பார்னார்ட் காசில்னு ஒரு சின்ன ஊர். அங்க ஸ்மித்துன்னு ஒரு ஏழைக் குடும்பம், ஆறு பிள்ளைங்க. முதல் உலகப் போர்ல அஞ்சு பேர் செத்துட்டாங்க. ஆறாவது பையனும் போர்முனையில இருந்தான். ஊர்ப் பாதிரியாரோட மனைவி, அந்தத் தாய்க்கு இருக்கிறது இந்த ஒருத்தன்தான்னு ராணிக்குக் கடிதாசி எழுதினாங்க. ராணி மேரி தலையிட்டு அவனை வீட்டுக்கு அனுப்பி வெச்சாங்க. அவன் கல்யாணம் பண்ணிக் குழந்தை குட்டியோட வாழ்ந்து எழுபது வயசு தாண்டித்தான் செத்தான். ஒரு லீவு நாள்ல போய் அவங்க பேர் வெட்டின போர் நினைவுச்சின்னத்தைப் பார்த்தேன். அந்த அஞ்சு பேரையும் ஒவ்வொண்ணா விரலால தடவிப் படிச்சேன். அப்போ எனக்குத் தோணினது அந்த அம்மாவோட துக்கம் மட்டும்தான், எந்த நாடுங்கிறதே தோணலை.

இப்போ உங்க இழையைப் படிக்கும்போது வேற ஒண்ணு தோணுது. குகையில அந்தத் தாய்க்கு மூத்தவன் காணோம், நடுவுலவன் செத்துட்டான்னு காகிதம் வந்தாச்சு. சின்னவனையாவது திருப்பி அனுப்புங்கன்னு எழுத அவங்களுக்கு யார் இருந்தா? எந்த பாஷையில, எந்த விலாசத்துக்கு எழுதுவாங்க? கைநாட்டு வெக்கிறவங்க. அவன் எந்தக் கம்பெனின்னே அவங்களுக்குத் தெரியாது.

13. ஓய்வுபெற்ற ஹவில்தார்

இந்த மகள் கேட்டது என்னை உலுக்கிவிட்டது.

நான் பட்டாளத்தில் இருந்தபோது இரண்டு தடவை பெட்டியோடு ஊருக்கு வந்திருக்கிறேன். கூட வேலை பார்த்தவனின் உடல். வீட்டு வாசலில் இறக்கும்போது அந்தத் தாய் முதலில் கேட்டது, "மூஞ்சியைத் திறந்து காட்டுவீங்களா?" இரண்டு வீட்டிலும் அதே கேள்வி. காட்டினோம். கன்னத்தைத் தொட்டுப் பார்த்த பிறகுதான் அழுகை வந்தது. அதுவரைக்கும் வரவில்லை.

கார்கிலுக்கு முந்தைய சண்டைகளில் பெரும்பாலும் அங்கேயே எரித்துவிடுவார்கள். இரண்டாம் உலகப் போரில் சாம்பல்கூடக் கிடையாது. அதனால்தான் அந்த அம்மா அச்சை விட்டத்தில் கட்டியிருக்கிறார். தொட்டுப் பார்க்காமல் எந்தத் தாயும் நம்ப மாட்டாள்.

பாவடிக்காரன் தம்பி, தனிச்செய்தியில் நீங்கள் அனுப்பியதைப் பார்த்தேன். ஒரு பதிவு பொருந்துகிறது. நாளை அழையுங்கள்.

14. கோரிமேடு

நான் முதல்ல எழுதினதை அழிக்கலை, இருக்கட்டும். ஆனா "விரும்பிப் போனாங்க"ன்னு எழுதினது தப்பு. எங்க வீட்லயும் பசி இருந்தது, எங்களுக்குக் கொஞ்சம் நிலம் இருந்ததால தாங்கிட்டோம். தறிக்காரங்களுக்கு நிலம் ஏது.

பாவடிக்காரன் தம்பி, சின்னவர் ஓடிப்போனாருன்னு சொன்னீங்களே, எந்த வருஷம்?

15. பாவடிக்காரன்

1943 கடைசிங்க அண்ணா. நடுவுலவர் அனுப்பின மணியார்டர்ல நூல் வாங்கிட்டு வரச்சொல்லி அப்பா லீ பஜார் பக்கம் அனுப்பினாராம். நூல் கிடைக்கலை. பணத்தை அப்படியே கொண்டுவந்து அம்மா கையில கொடுத்துட்டு, சட்டையை மாத்திக்கிட்டு, ஜங்ஷன் பக்கம் போனவர்தான். வயசு குறைவுங்கிறதால பேரையும் மாத்திச் சொல்லியிருப்பார்னு ஆயா நினைச்சாங்க.

16. பாவடிக்காரன்

பத்து நாளா எழுத முடியலை, மன்னிக்கணும்.

பெரியவர் கிடைச்சுட்டார்.

ஹவில்தார் ஐயா சொன்ன மாதிரியேதான். பேர்ல ஒரு எழுத்து மாறியிருக்கு, ஊர் வெறும் சேலம்னு இருக்கு, தகப்பனார் பேர் சரியா இருக்கு. ராயல் இந்திய ராணுவ சர்வீஸ் கோர், அதான் வீட்ல சொன்ன சப்ளை வண்டிப் பிரிவு. சிங்கப்பூர் கிராஞ்சிச் சுவர்ல பேர் இருக்கு. தேதி 1944 நவம்பர். 1942 பிப்ரவரி 15-ல சிங்கப்பூர் விழுந்தப்போ பிடிபட்டவர், கைதியா ரெண்டே முக்கால் வருஷம் உயிரோட இருந்திருக்கார். சரணடைஞ்ச இந்தியக் கைதிகள்ல ஒரு பகுதியை ஜப்பான்காரங்க கப்பல்ல ஏத்தி நியூ கினிப் பக்கத் தீவுகளுக்குக் கொண்டுபோனாங்க, அங்க பட்டினியிலயும் வியாதியிலயும் நிறையப் பேர் செத்தாங்கன்னு ஐயா சொன்னார். இவர் அதுல போனாரா, சிங்கப்பூர்லயே இருந்தாரான்னு பதிவுல இல்லை.

அம்மாகிட்ட தேதியைச் சொன்னேன். அவங்க விரல் விட்டு எண்ணினாங்க. 1944 தீபாவளிக்கு அவங்க பாட்டி வீட்ல பெரியவருக்கும் சேர்த்து ஒரு வேட்டி எடுத்து வெச்சாங்களாம். ஆயா சொல்லிக் கேட்டது. அம்மா அதுக்கு மேல ஒண்ணும் சொல்லலை, எழுந்து அடுப்படிக்குப் போயிட்டாங்க.

போன வாரம் ஆடி அமாவாசைக்கு எல்லாரும் மேட்டூர் போனோம். காவிரியில தண்ணி நல்லா போயிட்டு இருந்தது, படித்துறையில கால் வெக்க இடமில்லை. ஐயர் பேர் கேட்டார். பெரியவர் பேரை நான் சொன்னேன். எண்பது வருஷம் கழிச்சு அந்தப் பேரை ஒருத்தர் திருப்பிச் சொல்லி மந்திரம் சொன்னார். அச்சையும் கொண்டுபோயிருந்தோம், ஆத்துல விடலாம்னு மாமா சொன்னார்.

பெரியம்மா விடலை. பெரியவருக்குப் பிண்டம் வைங்க, நடுவுலவருக்கு வைங்க, அச்சு வீட்டுக்கு வரணும்னுட்டாங்க. "சின்னவனும் தறிக்காரன்தானே, அவனுக்கு இன்னும் காகிதம் வரலையே" அப்படின்னாங்க. சின்னவர் இருந்தா இப்போ நூறு வயசுக்குப் பக்கம். யாரும் எதுவும் பேசலை. ரெண்டு பிண்டம்தான் வெச்சோம். அச்சைத் துணியில சுத்தி நான்தான் மடியில வெச்சுட்டு பஸ்ஸுல வந்தேன்.

17. ஓய்வுபெற்ற ஹவில்தார்

தம்பி, சின்னவரின் நெஞ்சில், கையில் மச்சம், தழும்பு ஏதாவது வீட்டில் சொல்லியிருக்கிறார்களா? சேர்க்கும்போது அடையாளக் குறி எழுதுவார்கள். பெயரை மாற்றியிருந்தாலும் அதை மாற்றியிருக்க முடியாது. பெரியம்மாவைக் கேட்டு எழுதுங்கள்.

18. பாவடிக்காரன்

கேட்டேங்க ஐயா. இடது கை ஆள்காட்டி விரல்ல தறியில ஓடற நாடா பட்டு நகம் ரெண்டாப் பிளந்திருக்குமாம்.